ஞாயிறு காலைக்கு மூட்டை கட்டுங்கள்

குளிர்காலத்தில் இரண்டு நாள் மவுண்டன் பைக் ஓட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமைக்குத்தான் பை கட்டுகிறார்கள். முதல் நாளை எதை வைத்தும் சமாளித்துவிடலாம். உடுப்பு காய்ந்திருக்கும், பிரேக் பேட் முழுசாக இருக்கும், செயினில் எண்ணெய் இருக்கும், விளக்கில் சார்ஜ் இருக்கும், உடம்பிலும் தெம்பு இருக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, நேற்றைய சேறு காயாத ஷூவுக்குள் காலை விடும்போதுதான் பையில் என்ன இல்லை என்று தெரியவரும். அதனால் பட்டியல் போடும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இரண்டாம் நாள் காலையில் எது ஈரமாக இருக்கும், எது தேய்ந்துபோயிருக்கும், எது தீர்ந்துபோயிருக்கும்? அந்த மூன்றுக்கும் மாற்று பையில் இருந்தால் போதும். மற்றதெல்லாம் வசதி.

குளிரைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஈரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குறைவு. ஏற்றத்தில் மிதிக்கும்போது உடம்பு தானே அடுப்பாகிவிடும். பூஜ்ஜியம் டிகிரியிலும் வியர்த்துக் கொட்டும். மேலே போய் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் அந்த வியர்வைதான் எதிரி. காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காய்ந்த உடுப்போடு நிற்பவருக்குச் சிலுசிலுப்பாக இருக்கும் இடத்தில் நனைந்த உடுப்போடு நிற்பவருக்குப் பல் கிட்டிப்போகும்.

உடுப்பு

உடம்பை ஒட்டி அணிவது பருத்தியாக இருக்கவே கூடாது. ஜட்டியும் சாக்ஸும் இதில் சேர்த்தி. பருத்தி இழை நீரைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இழைகளுக்கு நடுவே இருந்த காற்று போய்விடும். கதகதப்பும் அதோடு போய்விடும். மெரினோ கம்பளி, பாலியெஸ்டர் இரண்டுமே நல்லவை, ஆனால் வேலை வேறு. பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், முள்ளில் உரசினாலும் தாங்கும், மாலைக்குள் நாறிவிடும். மெரினோ ஈரத்திலும் ஓரளவு சூடு தரும், நாற்றம் பிடிக்காது, ஆனால் காய நேரமெடுக்கும், ஒருமுறை விழுந்தால் முழங்கையில் ஓட்டை. இரண்டு நாளுக்கு ஓட்டும்போது அணிய இரண்டு பாலியெஸ்டர், மாலையில் போட்டுக்கொள்ள ஒரு மெரினோ என்று எடுத்தால் கணக்கு சரியாக வரும். மாலையில் அணிந்த மெரினோ, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது தவறினால் மாற்றாகவும் ஆகும்.

அதற்கு மேல் மெல்லிய ஃப்ளீஸ், கழுத்திலிருந்து மார்பு வரையாவது ஜிப் வைத்தது. தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது. ஒன்றைக் கழற்றிப் பையில் திணிக்கலாம்.

மேலாடையில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் மழையைத் தடுக்கும் ஜாக்கெட்டும் ஒன்றல்ல. மழை ஜாக்கெட்டை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு ஏறினால் வெளியிலிருந்து நனைவதைவிட உள்ளிருந்து அதிகம் நனைவீர்கள். கடுமையான ஏற்றத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்க்கக்கூடும். ஜாக்கெட்டுக்குள் இருக்கும் எந்த நீர்புகாச் சவ்வும் அதை முழுதாக வெளியேற்றிவிடாது. எனவே மழை ஜாக்கெட் வாங்குகிறவர்கள் நீர் தாங்கும் எண்ணை மட்டும் பார்க்காமல் அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் தாங்குதிறன், அதாவது துணி ஒழுகாமல் தாங்கும் நீரின் உயரம், 10,000 மில்லிமீட்டர் இருந்தால் சாதாரண மழைக்குச் சரி. முதுகுப்பை வார் தோளில் அழுத்தும் இடத்தில் நீர் உள்ளே தள்ளப்படும் என்பதால் பையோடு ஓட்டுகிறவர்களுக்கு 20,000 பொருத்தம்.

பழைய ஜாக்கெட் ஒழுகுகிறது என்று பலர் தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் அது ஒழுகுவதில்லை. வெளித்துணியின் மேல் நீர் முத்துமுத்தாக உருளும் பூச்சு அழுக்கில் மங்கிவிட்டிருக்கும். வெளித்துணி நீரில் ஊறிக் கனத்துவிடும், உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழி இருக்காது, அது உள்ளேயே குளிர்ந்து நீராகும். அதைத்தான் ஒழுகல் என்று நினைக்கிறோம். துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல், இத்தகைய துணிக்கான சோப்பில் துவைத்து, உள்ளே தைத்திருக்கும் சீட்டில் அனுமதி இருந்தால் டிரையரில் மிதமான சூட்டில் சுழற்றினால் பூச்சு மறுபடி உயிர்பெறும். அப்படியும் நீர் உருளாவிட்டால் தெளிக்கும் பூச்சு ஒன்று தேவை. இதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிட வேண்டும்; வெள்ளி இரவில் நேரமிருக்காது.

உடுப்பை எப்படி அணிவது என்பதற்கும் ஒரு சொல். கிளம்பும்போது லேசாக நடுங்க வேண்டும். முதல் பத்து நிமிடம் 'இன்னொன்று போட்டிருக்கலாமோ' என்று தோன்றினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் முதல் ஏற்றத்தில் நனைந்துவிடுவீர்கள், பிறகு நாள் முழுக்க அதே ஈரம்தான். உச்சியில் நின்றதும், குளிர்வதற்கு முன்பே, காற்றுத் தடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்கிறது என்று உணர்ந்த பிறகு போட்டால் குளிரைப் போர்த்தி வைத்த மாதிரிதான். 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் திறந்த தோலுக்கு அது பூஜ்ஜியம் டிகிரிபோல இருக்கும். பூஜ்ஜியத்தில் அதே வேகம் என்றால் மைனஸ் ஆறு, ஏழுபோல. அடிவாரத்து வானிலையைப் பார்த்துவிட்டு மேலே போகிறவர்கள் 1,000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இடுப்புக்குக் கீழே அதிகம் தேவையில்லை. தொடை தானே சூடாகும், முழங்கால் சூடாகாது. முழங்கால் பேட் இங்கே இரட்டை வேலை செய்யும். உட்காரும் இடம் மட்டும் நனையாமல் இருக்க வேண்டும்: பின்புறத்தில் நீர் புகாத துணி வைத்த ஷார்ட்ஸ் முழு மழைப் பேன்ட்டைவிடப் பல நாட்களில் வசதி. உள்ளே அணியும் பஞ்சுவைத்த லைனர் நாளைக்கு ஒன்று, உபரி ஒன்று, ஆக மூன்று. ஈரமான லைனரை இரண்டாம் நாள் மறுபடி அணிந்தால் ஊறிய தோல் உராய்ந்து புண்ணாகும். ஞாயிறு மதியத்துக்குள் சீட்டில் உட்கார முடியாது.

தலைக்கு ஹெல்மெட்டுக்குள் போடும் மெல்லிய தொப்பி போதும். தடித்த கம்பளித் தொப்பி ஹெல்மெட்டை மேலே தூக்கிவிடும்; பட்டையை எவ்வளவு இழுத்தாலும் சரியாகப் பொருந்தாது, விழுந்தால் காக்காது. கழுத்துத் துணி இரண்டு, மூச்சுக்காற்றில் ஒன்று நனைந்தே தீரும். கண்ணாடியில் கறுப்பு லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தெளிந்தது அல்லது மஞ்சள் எடுங்கள், குளிர்கால மரநிழலில் வேர் எது இலை எது என்று பிரித்தறிய வேண்டும். பனி மூடிய திறந்தவெளி என்றால் மட்டும் இது தலைகீழ்.

கையும் காலும்

கையுறையில் கஞ்சத்தனம் வேண்டாம். நாளைக்கு இரண்டு ஜோடி, இரண்டு நாளுக்கு நான்கு. ஒரே ஒரு தடித்த ஜோடி எடுத்துவருவதுதான் வழக்கமான தவறு. ஏற்றத்தில் அது வியர்வையில் நனையும், இறக்கத்தில் அந்த ஈரம் விரலை விறைக்க வைக்கும். போதாததற்கு, கையுறை தடிக்கத் தடிக்க ஹேண்டில் பிடி பருத்துவிட்ட மாதிரி இருக்கும், இறுக்கிப் பிடித்துப் பிடித்து முன்கை இறுகிப்போகும், பிரேக் லீவர் எவ்வளவு நகர்ந்தது என்பதே தெரியாது. ஏறும்போது மெல்லியது, இறங்கும்போது காற்றுத் தடுப்பது என்று மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றிய ஜோடியைப் பையில் போடாமல் ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்தால் கொஞ்சமாவது உலரும்.

5 முதல் 10 டிகிரியில் நாள் முழுக்க மழை என்றால் நுரைரப்பரான நியோப்ரீனில் செய்த மெல்லிய கையுறை மற்றெல்லாவற்றையும் தோற்கடிக்கும். அது நீரைத் தடுப்பதில்லை, உள்ளே புகுந்த நீரைச் சூடாக வைத்திருக்கும், அவ்வளவுதான். மைனஸ் ஐந்துக்குக் கீழே போனால் விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைக்கும் நண்டுக்கொடுக்குக் கையுறை, அல்லது ஹேண்டிலிலேயே மாட்டும் உறை. உறை மாட்டினால் உள்ளே மெல்லிய கையுறை போதும். விழும்போது கையைச் சட்டென்று உருவப் பழகிக்கொண்டு, பிறகு கடினமான பாதைக்குப் போங்கள்.

அலுமினிய பிரேக் லீவர் விரலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மின்வேலைக்காரர்கள் பயன்படுத்தும், சூடுபட்டால் சுருங்கும் ரப்பர்க் குழாயை லீவர் முனையில் ஏற்றிச் சுருக்கிவிட்டால் நல்ல மாற்றம் தெரியும். செலவு ஒன்றுமில்லை, எடையும் இல்லை. ஏனோ யாரும் செய்வதில்லை.

கை விறைத்தால் முதலில் கையைக் கவனிக்காதீர்கள், மார்பைக் கவனியுங்கள். நடுவுடம்பு குளிர்ந்தால் உடம்பு கைகால்களுக்கான ரத்த ஓட்டத்தைத்தான் முதலில் குறைக்கும். மேலே ஒரு கையில்லாச் சட்டை சேர்த்தால் கையுறை மாற்றாமலேயே விரல் திரும்பி வருவதுண்டு.

கால் விஷயத்தில் பெரிய தவறு, இருக்கும் ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணிப்பது. ஷூ இறுகினால் ரத்தம் ஓடாது. தடித்த சாக்ஸ் போட்டும் கால் ஐஸாக இருக்கும். விரல்களை ஷூவுக்குள் அசைக்க முடிய வேண்டும், அதுதான் அளவுகோல். குளிர்கால ஷூ வாங்குவதானால் அரை அளவு பெரிதாக வாங்குங்கள். பெடலில் மாட்டிக்கொள்ளும் உலோகத் துண்டான கிளீட் வைத்த ஷூவில் குளிர் அடியிலிருந்து ஏறும்: கிளீட்டின் உலோகமும் அதன் போல்ட்டும் பாதத்துக்கு நேர்கீழே இருக்கின்றன, அந்த ஓட்டை வழியாக நீரும் வரும். உள்ளடியை எடுத்துவிட்டு ஓட்டையின் மேல் தடித்த டேப் ஒட்டி, கம்பளியோ கார்க்கோ உள்ள உள்ளடியைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தட்டைப் பெடலில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வழியில் இறங்கித் தள்ள நேர்ந்தாலும் சேற்றில் கிளீட் அடைத்துக்கொள்ளாது. குளிர்காலத்துக்கு மட்டும் தட்டைப் பெடலுக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

நீர்புகா சாக்ஸ் ஓடையைத் தாண்டும்போது காக்கும். ஆனால் மேல்விளிம்பு வழியாக ஒருமுறை நீர் புகுந்துவிட்டால் அது நீர் நிரம்பிய பை. பேன்ட்டின் கால் அதற்கு வெளியே விழும்படி அணியுங்கள். அதற்குள் நீர் போனால் காய இரண்டு நாள் ஆகும், அதனால் மாற்று ஜோடி கட்டாயம்.

சைக்கிள்: காற்று, பிரேக், பிறகு மற்றது

வீட்டுக் கூடத்தில் 20 டிகிரியில் 25 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அடித்த டயரை பூஜ்ஜியம் டிகிரிக்கு எடுத்துப்போனால், ஒரு துளி காற்று கசியாமலேயே, சுமார் 22 ஆகிவிடும். மைனஸ் பத்தில் 21. மூன்று பிஎஸ்ஐ என்பது டயர் ரிம்மில் இடிக்குமா இடிக்காதா என்பதைத் தீர்மானிக்கும் வித்தியாசம். காற்றை ஓடப்போகும் இடத்தில், சைக்கிள் வெளியே அரைமணி நின்ற பிறகு அளந்து அடியுங்கள். அளவுமானி கையோடு வரட்டும், பம்பில் இருக்கும் முள்ளை 20 பிஎஸ்ஐக்குக் கீழே நம்ப முடியாது. சஸ்பென்ஷனிலும் காற்றுதான் ஸ்பிரிங், அங்கேயும் இதே கதை. கூடவே எண்ணெய் கெட்டியாகி, அழுந்திய ஃபோர்க் (முன்சக்கர சஸ்பென்ஷன்) திரும்பி வருவது மந்தமாகும். ஷாக் பம்பை எடுத்துப்போய் அங்கேயே சாக் (நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) அளந்து, ரீபவுண்டை (அது திரும்பி வரும் வேகத்தை) ஒன்றிரண்டு கிளிக் திறந்துவிட்டால் போதும். முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு மறுபடி பாருங்கள், எண்ணெய் சூடேறியிருக்கும்.

ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயரில், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் காய்ந்துபோயிருப்பது குளிர்காலத்தில் அடிக்கடி நடக்கும், ஏனென்றால் கோடையில் ஊற்றியதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. கிளம்புவதற்கு முன் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள்; உள்ளே திரவம் அலம்பும் ஓசை கேட்க வேண்டும். 29 அங்குல டயருக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர். பூஜ்ஜியத்துக்குக் கீழே எல்லாச் சீலன்ட்டும் ஒரே மாதிரி ஓடாது, சில உறைந்துவிடும். குப்பியில் எத்தனை டிகிரி வரை என்று போட்டிருக்கும், படியுங்கள். கையிருப்பாக 120 மில்லிலிட்டர், ஓட்டையில் செருகும் ப்ளக் செட், வால்வின் உள்பகுதியான வால்வு கோர் இரண்டு, அதைக் கழற்றும் சாவி.

ட்யூப் இரண்டு எடுங்கள், பசை ஒட்டும் பேட்ச்சை நம்பாதீர்கள். பசை காய வேண்டும், ரப்பர் சுத்தமாக உலர்ந்திருக்க வேண்டும். மழையில் நடுங்கும் கையோடு இது இரண்டும் நடக்காது. டயரை நொடியில் நிரப்பும் சிஓ2 வாயு உருளையும் குளிரில் சந்தேகம்தான். வாயு விரியும்போது உருளையும் முனையும் உறைந்துபோகும், வெறுங்கையில் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். 29 அங்குல டயரை நிரப்ப 16 கிராம் உருளை ஒன்று பெரும்பாலும் பற்றாது. நிரப்பிய வாயு காற்றைவிடச் சீக்கிரம் ரப்பர் வழியாகக் கசியும். கைப்பம்ப் மெதுவானது, ஆனால் தீர்ந்துபோகாது. அடித்து முடிக்கும்போது உடம்பும் சூடாகியிருக்கும்.

மழைக்கால டயர் அகலமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். சேற்றில் அது சரியில்லை. உயரமான பற்கள் இடைவெளி விட்டு அமைந்த, 2.3 அல்லது 2.4 அங்குல டயர் சேற்றை உதறும். அகலமான நெருங்கிய பல் டயர் சேற்றைப் பூசிக்கொண்டு வழுக்கும், போதாததற்கு ஃப்ரேமில் உரசும். கெட்டி ஐஸ் மேல் எந்த ரப்பரும் பிடிக்காது, அதற்குக் கார்பைட் ஆணி வைத்த டயர்தான்.

பிரேக் பேட்தான் இந்தப் பட்டியலின் மையம். பிசினால் பிணைத்த ரெசின் பேட் அமைதியாக நன்றாகப் பிடிக்கும், ஆனால் மணல் கலந்த ஈரச் சேற்றில் உப்புத்தாள் தேய்ப்பதுபோலத் தேயும். புத்தம் புது ஜோடி ஒரே நாளில் தீர்ந்துபோவது அபூர்வமல்ல. சின்டர்டு எனப்படும் உலோகப் பேட் நீண்ட காலம் வரும், ஈரத்திலும் பிடிக்கும், கொஞ்சம் சத்தம் போடும், முதல் சில பிரேக்கில் மந்தமாக இருக்கும். குளிர்காலத்துக்குச் சந்தேகமின்றி உலோகப் பேட். ஒரே எச்சரிக்கை: சில டிஸ்க்குகளில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருப்பார்கள்; அவற்றில் உலோகப் பேட் போட்டால் டிஸ்க்கே தேயும்.

முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு செட், கூடவே அந்தச் சின்னப் பின்னோ போல்ட்டோ ஒன்று உபரியாக. பேட் வடிவம் பிரேக்குக்குப் பிரேக் மாறும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பேட்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காராது, அதனால் கூட வருபவரிடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். உராயும் பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். ஞாயிறு முழுதும் இறக்கம் என்றால் ஒரு மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

மாற்றும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்திருக்கும், அதன் பக்கத்தில் சேறு ஒட்டியிருக்கும். அப்படியே உள்ளே தள்ளினால் சேறு சீலைக் கீறிவிடும், அடுத்த வாரம் எண்ணெய் கசியும். முதலில் பழைய பேட்டை எடுத்து, பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுப் பிஸ்டன் விளிம்பைத் துடைத்து, பிளாஸ்டிக் டயர் லீவரால் நேராக, மெதுவாகத் தள்ளுங்கள். புதுப் பேட்டைப் போட்டவுடன் பாதைக்குப் போகாதீர்கள். மிதமான வேகத்திலிருந்து நடைவேகம் வரை, சக்கரம் பூட்டாமல், இருபது முறை அழுத்தி விடுங்கள். அதைச் செய்யாத பேட் கண்ணாடிபோலப் பளபளத்துக் கத்தும், பிடிக்காது.

மினரல் எண்ணெய் உள்ள பிரேக்கின் லீவர் கடுங்குளிரில் சற்று மந்தமாகத் திரும்பும். அது பழுதல்ல. வேறு சில பிரேக்குகளில் இருக்கும் டாட் திரவமும் மினரல் எண்ணெயும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது, சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். அவசரத்தில் கூடச் சேர்க்காதீர்கள்.

செயினுக்கு ஈரத்துக்கான கெட்டி எண்ணெய், 50 மில்லிலிட்டர் புட்டி போதும். ஸ்ப்ரே வேண்டாம், காற்றில் பறந்து டிஸ்க்கில் படும், பேட் கெடும். செயின் இணைப்பு இரண்டு, உங்கள் செயினின் வேக எண்ணுக்கும் (பின்னால் இருக்கும் பல்சக்கரங்களின் எண்ணிக்கை) தயாரிப்புக்கும் பொருந்துவதாக. செயின் உடைப்பான். பின் கியர்மாற்றியை ஃப்ரேமோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டான டிரெயிலியர் ஹேங்கர் ஒன்று: சேற்றில் குச்சி சிக்கினால் முதலில் போவது அதுதான். 2019-ல் யூடிஹெச் எனும் பொதுவான ஹேங்கர் வந்தது; உங்கள் ஃப்ரேம் அதற்கானது என்றால் எந்தக் கடையிலும் கிடைக்க வாய்ப்புண்டு. பழைய ஃப்ரேம் என்றால் அதற்கே உரியது ஒன்று பையில் இருந்தாக வேண்டும். ஜிப் டை பத்து, துணி டேப் கொஞ்சம் பம்பில் சுற்றி, டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரிலிருந்து வெட்டிய விரல்நீளத் துண்டு, அறுகோணச் சாவிகள், டி25 நட்சத்திரச் சாவி. முன்சக்கரத்துக்குச் சிறிய மட்கார்டு. அது சைக்கிளுக்கு அல்ல, கண்ணுக்கு.

விளக்கும் பேட்டரியும்

வெயில் சாயும் நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து அரைமணியைக் கழித்துக்கொள்ளுங்கள். மரங்களுக்குள் அவ்வளவு முன்பே இருட்டிவிடும். பகலில் திரும்பிவிடுவோம் என்றாலும் விளக்கு பையில் இருக்கட்டும். ஹேண்டிலில் 1,000 லூமென் அளவில் ஒன்று, ஹெல்மெட்டில் சற்றுக் குறைவாக ஒன்று. ஹேண்டில் விளக்கு பாதையின் மேடு பள்ளத்துக்கு நிழல் கொடுக்கும். ஹெல்மெட் விளக்கு வளைவுக்குள் எட்டிப் பார்க்கும். ஒன்றே என்றால் ஹெல்மெட்டில். செயின் அறுந்தாலும் அந்த வெளிச்சத்தில் வேலை பார்க்கலாம்.

லித்தியம் அயான் பேட்டரி குளிரில் சுருங்கிவிடும். பெட்டியில் எழுதிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துத் திட்டமிடுங்கள். போன் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும், அது உடம்பை ஒட்டிய பையில்தான் இருக்க வேண்டும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்படியும் காகிதப் படம் ஒன்று கூட வரட்டும். இன்னொன்று முக்கியம்: பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை அப்படியே சார்ஜில் போடாதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அறைக்குள் இரண்டு மணி நேரம் வைத்து, சூடேறிய பிறகு செருகுங்கள். மின்சார மவுண்டன் பைக் என்றால் பேட்டரியைக் கழற்றி இரவில் அறைக்குள் வைப்பதும், கிளம்பும் நேரத்தில் மாட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

தண்ணீர், தீனி

குளிரில் தாகம் எடுக்காது, தேவை மட்டும் இருக்கும். மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பைக் குழாயில் உறைவது பையல்ல, வெளியே தொங்கும் குழாய். குடித்து முடித்ததும் குழாய்க்குள் ஊதி நீரைப் பைக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் உறைய ஒன்றும் இருக்காது. பாட்டில் என்றால் வெதுவெதுப்பான நீர் நிரப்பிக் கவிழ்த்து வையுங்கள். ஐஸ் மேலிருந்து கட்டத் தொடங்கும், வாய் கீழே இருந்தால் கடைசியில்தான் அடையும். சைக்கிளில் மாட்டிய பாட்டிலின் வாயில் சேறு அப்பும், மூடி வைத்தது வாங்குங்கள்.

எனர்ஜி பார் குளிரில் கல்லாகிவிடும், பல்லுக்கு ஆபத்து. உலர்பழம், கொட்டைகள், மென்மையான ரொட்டி நல்லது. கையுறையோடு பிரிக்க முடிகிற பொட்டலமாக, வீட்டிலேயே சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு சிறிய சூட்டுக்குப்பியில் தித்திப்பாக ஏதாவது குடிக்க. அதன் எடையைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

நின்றுவிட்டால்

ஓடிக்கொண்டிருக்கும்வரை குளிர் கட்டுக்குள் இருக்கும். ஒருவருடைய கணுக்கால் பிசகி எல்லோரும் ஒரு மணி நேரம் உட்கார நேர்ந்தால்? முதுகுப்பையில் இருக்கும் சில பொருட்கள் அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டுமே: பஞ்சோ இறகோ அடைத்த அடைப்பு ஜாக்கெட் ஒன்று, நீர்புகா உறையில் சுற்றி; பளபளக்கும் தாளில், போர்வையாக அல்லாமல் பையாக மூடும் வகை ஒன்று, ஏனென்றால் போர்வை காற்றில் பறக்கும்; உட்காரச் சிறிய ஃபோம் துண்டு, விசில், காயத்துக்கு அழுத்துக்கட்டு, முக்கோணத் துணி. ஆறு பேருக்கு மேல் போனால், எல்லோரும் உள்ளே உட்கார்ந்து மூடிக்கொள்ளும் குழுக்கூடாரம் ஒன்று. அதற்குள் சில நிமிடங்களிலேயே வித்தியாசம் தெரியும். மலையில் உதவி கேட்கும் சைகை நிமிடத்துக்கு ஆறு முறை விசில், பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று.

உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதை அளவுமானி இல்லாமலேயே கண்டுகொள்ளலாம். பேச்சு குழறும், ஜிப் போட முடியாமல் விரல் தடுமாறும், நடை தள்ளாடும், காரணமின்றி எரிந்து விழுவார், அல்லது ஒன்றும் பேசாமல் ஒதுங்குவார். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நனைந்த உடுப்போடு அது நிற்பது ஆபத்தின் அடுத்த படி. விறைத்த விரலைத் தேய்க்க வேண்டாம், அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள்.

இவ்வளவும் சேர்த்து முதுகுப்பை 15 லிட்டருக்குள் அடங்கும். உள்ளே நீர்புகாப் பை ஒன்றைப் போட்டுவிட்டு அதற்குள் நிரப்புங்கள். வெளியே மாட்டும் மழையுறை கிளையில் சிக்கிப் போய்விடும்.

சனி மாலை

வண்டியில் தனியாக ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வேண்டும். அதற்குள் நின்றுகொண்டே உடுப்பு மாற்றலாம், கழற்றியதெல்லாம் அதிலேயே விழும், இருக்கையில் சேறு படாது. முதலில் தலையும் மேலுடம்பும்: ஈர மேலுடையைக் கழற்றித் துடைத்து, காய்ந்த தொப்பி, மெரினோ, அடைப்பு ஜாக்கெட். ஷூ கடைசி. சைக்கிளை ஏற்றும் வேலை அதற்கும் பிறகு.

கழுவ எட்டு லிட்டர் தோட்டத் தெளிப்பானும் இரண்டு பிரஷ்ஷும் போதும். அழுத்தக் குழாயால் அடித்தால் நீர் பேரிங்குக்குள் போகும். குளிர் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் மட்டும் கழுவுங்கள். கழுவிய சைக்கிளை வெளியே விட்டால் கேபிள் உறைக்குள்ளும், மிதிப்பைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் ஃப்ரீஹப்புக்குள்ளும் நீர் உறையும். காலையில் மிதித்தால் பெடல் வெறுமனே சுழலும், சக்கரம் நகராது. ஃப்ரீஹப்பின் பல்தட்டுகள் உறைந்தோ கெட்டிக் கிரீஸில் ஒட்டியோ மேலெழாமல் இருப்பதுதான் காரணம். வெதுவெதுப்பான நீரை ஊற்றுவது அந்த நேரத்துக்குத்தான் தீர்வு, அதுவும் சற்று நேரத்தில் உறையும். அறைக்குள் கொண்டுவர அனுமதி இருக்கிறதா என்று தங்குமிடத்தில் முன்பே கேளுங்கள். உள்ளே கொண்டுவந்தால் ஒட்டியிருந்த ஐஸ் உருகி எல்லா இடுக்கிலும் இறங்கும். துணியால் துடைத்து, செயினை உலர்த்தி எண்ணெய் விட்டு வைக்காமல் மறுபடி வெளியே எடுத்தால், வெளியே விட்டதைவிட மோசம். கழுவ முடியாத குளிரா? சேறு உறையட்டும், பிரஷ்ஷால் தட்டி உதிருங்கள்.

ஷூவின் உள்ளடியை எடுத்துவிட்டுச் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஊறியிருக்கும், மாற்றுங்கள், படுக்கப்போகும் முன் மூன்றாவது முறை. அதனால் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு பட்டியலில் இருக்கட்டும். ஹீட்டரின் மேல் வைக்காதீர்கள், பசை விட்டு அடி கழன்றுவிடும். கையுறைகளைத் தொங்கவிட ஒரு கயிறும் பத்துக் கிளிப்பும் எடுங்கள். தங்குமிடங்களில் ஆணி இருக்கும், கயிறு இருக்காது. பேட் பார்ப்பது, செயின் எண்ணெய், சார்ஜ், குளித்துச் சாப்பிட்டுவிட்டு அல்ல, அதற்கு முன்பே. சாப்பிட்ட பிறகு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

திரும்பிப் போகும்போது அணிய முழு உடுப்பு ஒன்று, சாக்ஸும் செருப்பும் துண்டும் சேர்த்து, தனிப் பையில் கட்டி வண்டியிலேயே இருக்கட்டும். தங்குமிடத்துக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் சனி இரவே யாராவது அதை அவிழ்த்துவிடுவார்கள்.